காலம், இடம், தோழமை: கரிசல் சீமையின் கலையரங்கம் பற்றி ஒரு மதிப்பீடு

கரிசல் சீமையில் 'கலையரங்கம்' என்ற சொல்லுக்குப் பெருநகரவாசிகள் அறிந்த பொருள் கிடையாது. கோயிலை ஒட்டியோ பள்ளி மைதானத்தின் ஓரத்திலோ மூன்று புறம் சுவரும் மேலே ஒரு தளமுமாக நிற்கும் சிறு மேடைக்கே இங்கு அந்தப் பெயர். யாருடைய நிதியில், எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்ற எழுத்து அதன் முகப்பில் இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி அது வெறுமையாகக் கிடக்கும். திருவிழாக் காலத்தில் சில நாட்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாள், தேர்தல் வந்தால் இரண்டொரு மாலை என்று அவ்வப்போது விழித்துக்கொள்ளும். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியும் அதைச் சூழ்ந்த திருச்சுழி வட்டாரமும் இந்த வழக்கத்துக்கு விலக்கல்ல. தறியையும் மானாவாரி நிலத்தையும் நம்பி வாழும் மக்கள் கலை என்று ஒன்றைக் கூட்டமாக உட்கார்ந்து காண்பது இத்தகைய மேடைகளின் முன்னால்தான். ஆகவே இந்த மேடைகளில் எது ஏறுகிறது, எது ஏறுவதில்லை என்பது சிறிய கேள்வி அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். மத நல்லிணக்கக் காட்சி ஒன்று இடம்பெற்றது. இந்துச் சிறுமியாக வந்த குழந்தை ஒரு பாசுரத்தைப் பாடியது. கிறிஸ்தவச் சிறுவனாக வந்தவன் ஒரு கீர்த்தனையைப் பாடினான். மூன்றாவதாகத் தொப்பியும் கைலியும் அணிந்து வந்த சிறுவனுக்கு மட்டும் பாட்டு எதுவும் இல்லை. இரு கைகளையும் ஏந்தியபடி அவன் நின்றான், பிறகு மூவரும் கைகோத்துக்கொண்டனர், அரங்கு கைதட்டியது. விழா முடிந்தபின், காட்சியை அமைத்த ஆசிரியரிடம் அந்தச் சிறுவனுக்கு ஏன் ஒரு பாட்டுத் தரவில்லை என்று கேட்டோம். "உங்கள் பாட்டு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஐயா. கேட்டுப் பார்த்த இடங்களிலும் யாரும் எடுத்துத் தரவில்லை" என்றார் அவர். அந்தப் பதிலில் குற்றம் காண நம்மால் முடியவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலிலிருந்தே தொடங்குகிறது.

1. ஊர்மேடையில் இருப்பவை

ஊர்மேடைகளைப் பற்றிப் பேசும்போது முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்பகுதியில் கலைக்கும் கல்விக்கும் இடம் உண்டாக்கியதில் பெரும்பங்கு சமுதாயங்களின் கூட்டு முயற்சிக்கு உரியது. வணிகத்திலிருந்து மகமை என்று ஒரு சிறு பங்கைப் பொதுவில் சேர்த்துப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பிய நாடார் உறவின்முறைகளின் வரலாறு பலரும் அறிந்தது. அருப்புக்கோட்டையின் சைவ பானு சத்திரியக் கல்லூரி அவ்வாறு எழுந்தது. நெசவாளர் சமுதாயத்தின் பெயரைத் தாங்கிய தேவாங்கர் கலைக் கல்லூரியும் அதே ஊரில் இருக்கிறது. விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கலை ஒட்டி நடைபெறும் பொருட்காட்சி, வழிபாட்டோடு வணிகத்தையும் பட்டிமன்றத்தையும் இசை நிகழ்ச்சியையும் ஒரே மைதானத்தில் சேர்க்கிறது. இராட்டினத்துக்காக வந்த குழந்தை, போகிற போக்கில் நாதசுரத்தையும் கேட்டுவிட்டுப் போகிறது. இது எளிய ஏற்பாடு, ஆனால் வலிமையானது.

அரசின் பங்கும் உண்டு. விருதுநகரில் இயங்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளி, தமிழகத்தின் பிற மாவட்ட இசைப்பள்ளிகளைப் போலவே, குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய 7 துறைகளைக் கற்பிப்பதற்காக அமைந்தது. இந்தப் பட்டியலைப் பார்க்கும் முஸ்லிம் வாசகருக்கு ஒரு குறை தோன்றலாம். தேவாரத்துக்கு ஓர் இருக்கை உண்டு. சீறாவுக்கோ குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களுக்கோ இல்லையே என்று அவர் கேட்கலாம். கேள்வி சரியே. ஆனால் தேவாரம் அந்த இருக்கையை எவ்வாறு பெற்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குத் தொகுக்கப்பட்ட பாடல்கள் இருந்தன. பண் வகுப்பு இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஓதிவந்த ஓதுவார்கள் இருந்தார்கள். பாடமும் இசையும் ஆசிரியரும் ஆயத்தமாக இருந்தபோது இருக்கை கேட்பது எளிதாயிற்று. நாம் எந்தப் பாடத்தை, எந்த இசையமைதியை, எந்த ஆசிரியரை ஆயத்தம் செய்து வைத்தோம்?

நாதசுரத் துறையை எடுத்துக்கொண்டால் இன்னொரு உண்மை வெளிப்படும். அந்தக் கருவியின் நவீன வரலாற்றில் முன்வரிசையில் நிற்பவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திர மாநிலத்தின் கரவதியில் 1924இல் பிறந்து, திருவரங்கத்தில் குடியேறி, அங்கேயே நாதசுரப் பள்ளி ஒன்றை நிறுவி, 1998இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, 1999இல் மறைந்தவர் அவர். அவருடைய மாணவர்களான ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் தம்பதியர்க்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆகவே முஸ்லிம் கலைஞர் பொதுமேடைக்கு அந்நியர் என்பது பொய். பொதுமேடைக்கு அந்நியமாகியிருப்பது முஸ்லிம் கலைஞர் அல்லர், தமிழ் முஸ்லிம்களின் சொந்தக் கலை மரபு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் குறை கேட்கப்படாமல் போகிறது.

2. காட்சிப்பொருளும் கைவினைஞரும்

கண்காட்சி என்ற வடிவத்தையும் சற்றே ஆராய்வோம். தென்னாட்டுப் பண்பாட்டைக் காட்சிப்படுத்தும் முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா. பழைய வீடுகளை அவை இருந்த இடத்தில் பிரித்தெடுத்து, மரத்தையும் கல்லையும் கொண்டுவந்து, மீண்டும் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். கர்நாடகப் பகுதியில் சிக்மகளூரிலிருந்து கொணரப்பட்ட முஸ்லிம் இல்லம் ஒன்றும் அவற்றுள் அடங்கும். அழிந்துபோகவிருந்த வீடுகளைக் காப்பாற்றிய அந்த உழைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆயினும் ஒரு முஸ்லிம் வீடு என்பது தூணும் முற்றமும் மட்டுமா? அந்தி மயங்கியபின் வீட்டுப் பெண்கள் கூடியிருந்து ஒருவர் ராகமிட்டுப் படிக்க மற்றவர் கேட்ட மாலைகளும் கிஸ்ஸாக்களும், பிள்ளைக்குப் பாடிய தாலாட்டும், மவ்லிது ஓதி முடித்து வழங்கிய நார்சாவும் சேர்ந்ததே வீடு. இவற்றைப் பெயர்த்தெடுத்து வரத் தச்சரால் இயலாது. வீட்டுக்கு உரியவர்களே கொண்டுவந்தால்தான் உண்டு.

பத்தமடைப் பாய் இதற்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு. தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, ஊறவைத்து, உலர்த்தி, நூல் பாவில் பட்டுப்போல் நெய்யப்படும் அந்தப் பாயைப் பெரிதும் நெய்துவந்தவர்கள் அவ்வூரின் லெப்பை முஸ்லிம்கள். அவர்களுள் பெண்கள் பலர். புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்திருக்கிறது. கைவினைக் கண்காட்சி எதிலும் அதைக் காணலாம். திருமணப் பாய்களில் மணமகன், மணமகள் பெயர்களை நெய்து தருவது அங்கே வழக்கம். ஆனால் அதை நெய்தவரின் பெயரைத் தாங்கிய பாயை நாம் எந்தக் கண்காட்சியிலும் கண்டதில்லை. ஊர்ப்பெயர் இருக்கும், விலை இருக்கும், சில இடங்களில் நுட்பக் குறிப்பும் இருக்கும். கண்காட்சி என்பது பொருளைப் பார்க்கும் இடமாக மட்டும் நின்றுவிட்டால், அது கடையிலிருந்து வேறுபடுவது விளக்கொளியில் மட்டுமே. பாளையம்பட்டி போன்ற தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சேலையை உடுத்துபவர்க்கு நெய்தவர் முகம் தெரியாது என்பது அங்கே அன்றாட அனுபவம்.

3. நம் மேடையில் நாமே இறக்கிவைத்தவை

பிறர் மேடைகளைப் பற்றி இவ்வளவு பேசியபின் நம் மேடையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே எட்டையபுரம் இருக்கிறது. சீறாப்புராணத்தின் 5027 விருத்தங்களைத் தமிழுக்குத் தந்த உமறுப் புலவர் அடங்கியிருப்பது அங்கே, மணிமண்டபமும் எழுந்துள்ளது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் 3 காண்டங்களும் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது 1842இல், காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் உழைப்பால். ஒரு காலத்தில் ரபீஉல் அவ்வல் பிறந்தால் பல ஊர்களில் சீறாவை ஒருவர் படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, இரவுகள் நீண்டன. இன்று மீலாது மேடை இருக்கிறது, சீறா இல்லை. அதன் இடத்தில் சொற்பொழிவு அமர்ந்துவிட்டது. சொற்பொழிவு தவறன்று. ஆனால் நான்கு மணி நேரச் சொற்பொழிவு மட்டுமே ஒரு சமுதாயத்தின் மேடைக்கலையாகச் சுருங்கிவிடுவது வறுமை.

நாகூர் ஹனிபா (1925–2015) வாழ்ந்த காலத்தில் அந்த வறுமை நமக்குத் தெரியவில்லை. ஒரு தனிமனிதரின் குரல் ஆயிரம் ஊர்களின் மேடைகளை நிரப்பிக்கொண்டிருந்தது. முஸ்லிம் அல்லாதார் இல்லங்களிலும் அது ஒலித்தது. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பள்ளியையோ, பாடத்தையோ, இளைய பாடகர்களைத் திருத்தும் ஆசிரியர் வரிசையையோ நாம் உருவாக்கவில்லை. ஒலிநாடாக்கள் பெருகின, மரபு பெருகவில்லை. இன்று மேடையேறும் இளைஞர்களுள் பலர் அவருடைய குரலைப் போலச் செய்கிறார்கள். பாடலின் சொல்லை உணர்ந்து பாடுவோர் குறைவு.

பக்கிர்சாக்களின் கதை இதைவிடத் துயரமானது. நோன்புக் காலத்து ஸஹர் வேளையில் தாயிராவைத் தட்டி, தெருத்தெருவாகப் பாடி, உறங்குவோரை எழுப்பிச் சென்றவர்கள் அவர்கள். பல ஊர்களில் அவர்கள் பாடிய நாமாக்களும் கிஸ்ஸாக்களும் எழுதப்படாத நூலகமாக இருந்தன. ஒலிபெருக்கியும் கைப்பேசியும் அவர்களுடைய பணியைப் பறித்தன என்பது பாதி உண்மை. அவர்களை நாம் இரவலர் என்று மட்டுமே கண்டோம், கலைஞர் என்று காணவில்லை என்பது மீதிப் பாதி. நாகூர்த் தர்காவின் பக்கிரிப் பாடகர் மூவரை 2000களின் பிற்பகுதியில் சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் பதிவுசெய்து, 'நாகூர் செஷன்ஸ்' என்னும் பெயரில் உலகுக்கு வழங்கியது. தொலைநாட்டு இரசிகர்கள் தாயிராவைக் கேட்டுத் தலையசைத்த ஆண்டுகளில், நம் ஊர்த் தெருவில் பாடிவந்தவரின் மகன் வேறு பிழைப்புத் தேடிப் போய்க்கொண்டிருந்தான்.

ஆய்வுத்துறையில் நாம் வெறுங்கையராக இல்லை. 1973இல் திருச்சியில் தொடங்கிய உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள், சென்னை (1974), காயல்பட்டினம் (1978), கொழும்பு (1979), கீழக்கரை (1990) என்று தொடர்ந்து, மறைந்திருந்த நூற்றுக்கணக்கான நூல்களைப் பற்றிய அறிவை மீட்டன. ஆனால் அந்த அறிவு மாநாட்டு மலர்களிலிருந்து ஊர்மேடைக்கு இறங்கவில்லை. பள்ளி ஆசிரியர் கேட்டபோது ஒரு பாட்டை எடுத்துத் தர நம்மில் ஒருவர் இல்லாமற் போனது அதனால்தான்.

4. அளவுகோல் ஒன்று

இவ்வளவையும் எந்த அளவுகோலால் அளப்பது? நல்வாய்ப்பாக நம் மரபிலேயே ஒன்று இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவின் 40 நூல்களுள் ஒன்றை இசை கேட்டலின் ஒழுக்கங்களுக்கென்றே ஒதுக்கினார்கள். செவியுறுதலுக்கு மூன்று பொருந்த வேண்டும் என்று ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) வகுத்ததை அவர்கள் அதில் எடுத்தாளுகிறார்கள். அவை ஸமான், மகான், இஹ்வான்: காலம், இடம், தோழமை. கேட்கும் உள்ளம் ஒன்றியிருக்கும் வேளை, கவனத்தைக் கலைக்காத இடம், கேட்பதன் பொருளை அறிந்த உடனிருப்போர் ஆகிய மூன்றும் அமையாவிட்டால் கேளாதிருப்பதே மேல் என்பது அதன் கருத்து. இசை உள்ளத்தில் புதிதாக எதையும் வைப்பதில்லை, உள்ளே இருப்பதையே அசைக்கிறது என்பதும் அந்நூலில் வரும் சிந்தனை. சூஃபியரின் அவைக்குச் சொல்லப்பட்ட இந்த அளவுகோல் நம் கலையரங்குக்கும் பொருந்தும்.

பள்ளி விழாவின் காட்சியை இதில் வைத்துப் பார்ப்போம். காலம் இருந்தது, இடம் இருந்தது, தோழமை இல்லை. கையேந்தி நின்ற சிறுவனின் துஆ எதைக் கேட்கிறது என்று மேடையிலிருந்தவருக்கும் தெரியாது, கீழிருந்தவருக்கும் தெரியாது. நகர அரங்கில் பக்கிரிகள் பாடியபோது உன்னிப்பாகக் கேட்கும் தோழமை ஓரளவு இருந்தது. ஸஹர் வேளையும் தெருவும் இல்லை. நம் மீலாது மேடையில் காலமும் இடமும் தோழமையும் மூன்றுமே இருக்கின்றன. கேட்பதற்குரிய பாட்டைத்தான் இறக்கிவைத்துவிட்டோம். மூன்று குறைகளுள் எளிதில் தீர்க்கத்தக்கது இந்தக் கடைசிக் குறையே.

5. எதிர்வாதத்துக்கு மறுமொழி

கலை, மேடை என்றெல்லாம் பேசுவது மார்க்கத்துக்கு உகந்ததா என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்களுடைய அச்சத்தை எள்ளி ஒதுக்குவது நம் நோக்கமன்று. இசைக்கருவிகள் குறித்து இமாம்களிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பான்மையோரின் நிலைப்பாடு கடுமையானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெருநாள் ஒன்றில் அபிசீனியர் மஸ்ஜிதுன் நபவியில் ஈட்டி ஏந்தி விளையாடியதையும், அதை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே சலிக்கும்வரை காணுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்றதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்கின்றன. தடுக்க முனைந்த உமர் (ரலி) அவர்களிடம், விட்டுவிடுமாறு நபிகளார் கூறினார்கள் என்பதும் அறிவிப்பில் உண்டு. கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் இடப்பட்டது. கவிதைக்கு மேடை அமைப்பது நமக்குப் புதிய பழக்கமன்று. கருவியைப் பற்றிய வேறுபாடு அப்படியே இருக்கட்டும். கருவி இல்லாமல் ஓதத்தக்க சீறாவையும் முனாஜாத்தையும் நாம் ஏன் இழந்தோம் என்பதற்கு அந்த வேறுபாடு விடையாகாது.

6. அரங்கேற்றம் என்னும் பழைய வழி

தமிழில் ஒரு நூல் வெளிவருவதற்கு அரங்கேற்றம் என்று பெயர் இருந்தது. அது பாராட்டு விழா அன்று. கற்றோர் அவையில் ஒவ்வொரு பாட்டாகப் படித்து, ஐயங்களுக்கு விடை சொல்லி, ஒப்புதல் பெறுவதே அரங்கேற்றம். படைப்பும் நிகழ்த்தலும் திறனாய்வும் ஒரே அவையில் கூடின. 1572இல் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரமசலா மதுரையில் அரங்கேறியது. 1590இல் மேலப்பாளையத்து ஆலிப் புலவரின் மிகுராசு மாலை, சொந்த ஊரில் ஆதரவு கிடைக்காமல், கோட்டாற்றுக்குச் சென்று அங்கே பாவாடைச் செட்டியார் என்னும் பெருமகனாரின் துணையோடு அரங்கேறியதாக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு கூறுகிறது. நபிகளாரின் விண்ணேற்றத்தைப் பாடும் நூலுக்கு ஓர் இந்து வணிகர் அவை கூட்டித் தந்திருக்கிறார்.

மத நல்லிணக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேறு வேண்டுமா? இங்கே யாரும் வேடமிட்டுக் கைகோத்து நிற்கவில்லை. ஒருவர் தம் நம்பிக்கையை முழுமையாகப் பாடினார். மற்றவர் அதை முழுமையாகக் கேட்பதற்கு இடம் அமைத்தார். சொல் இல்லாத தொப்பிக்கும் சொல் நிறைந்த இந்த அவைக்கும் உள்ள தூரமே, இன்றைய கலையரங்கத்துக்கும் நமக்கு வேண்டிய கலையரங்கத்துக்கும் உள்ள தூரம்.

அந்தத் தூரத்தைக் கடக்கப் பெரும் பொருள் தேவையில்லை. மகமை மரபைக் கண்முன் கண்டு வளர்ந்த வட்டாரத்துக்கு அதைக் கற்பிக்கவும் வேண்டாம். பாளையம்பட்டி போன்ற ஓர் ஊரில், இருக்கிற மேடையிலேயே, மாதம் ஓர் இரவு சீறாவின் ஒரு படலத்தை ஒருவர் ஓத, ஒருவர் பொருள் சொல்ல, கேட்பவர் கேள்வி எழுப்பலாம். அந்த ஊரின் தறிகாரரும் தமிழாசிரியரும் எந்தச் சமயத்தவராயினும் அவையில் இருக்க வேண்டும். இயன்றால், உயிரோடிருக்கும் முதிய பக்கிர்சா ஒருவரை அழைத்து, அவர் அறிந்த பாடல்களைப் பதிவுசெய்து, அவருக்கு உரிய ஊதியத்தை அன்றே கொடுக்க வேண்டும். கண்காட்சி வைத்தால் பாயின் அருகில் நெய்தவரின் பெயரை எழுத வேண்டும். அவர் வர இசைந்தால் அவரையே பேசவைக்க வேண்டும். பள்ளிகளுக்கென, குழந்தைகள் பாடத்தக்க இருபது பாடல்களைப் பொருளோடும் ஓதும் முறையோடும் தொகுத்துத் தர வேண்டும். நம் ஆய்வாளர்கள் ஓராண்டில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

அடுத்த ஆண்டு விழாவிலும் அதே காட்சி இடம்பெறும். வேறொரு சிறுவன் தொப்பியணிந்து வருவான். ஆசிரியர் மறுபடியும் யாரிடமாவது கேட்பார். அப்போது எடுத்துக் கொடுப்பதற்கு நம் கையில் ஒரு பாட்டு இருக்க வேண்டும்.